எட்டு மாதக் குழந்தை, இடது கண்ணில் மட்டும் ஓயாத நீர்: காத்திருக்கலாமா, மதுரைக்கு இறங்க வேண்டுமா?

பூம்பாறை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையில் இருக்கிறேன். பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி மலையேறி மூன்று வருடமாகிறது. என் மகனுக்கு இப்போது எட்டு மாதம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து அவனுடைய இடது கண் காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

காலையில் இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதுவரை ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பகலில் பீளை அவ்வளவு இல்லை. ஆனால் கண் எப்போதும் தளும்பிக்கொண்டே இருக்கும். பூண்டுக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் குளிர்காற்றுப் பட்டால் கன்னத்தில் கோடாக இறங்கும். நனைந்து நனைந்து அந்தப் பக்கத் தோல் சிவந்து வெடித்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் தாய்ப்பால் விடச் சொன்னார். இரண்டு மாதம் விட்டேன். குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கைப் பிடித்து உருவிவிட்டு, கண் ஓரத்தில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைப்பார். எல்லோரும் அன்பினால்தான் செய்கிறார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை. குழந்தை வேலப்பர் கோயிலில் வெள்ளிக் கண்மலர் சாற்றுவதாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது ஓர் இடத்தில் காட்டினேன். "கண்ணீர்க் குழாய் அடைப்பு. ஒரு வயதுக்குள் சரியாகிவிடும், மசாஜ் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மசாஜ் என்றால் எங்கே, எப்படி என்று ஒருவரும் கையை வைத்துக் காட்டவில்லை. நானாக ஐந்து மாதமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்; கொஞ்சமும் மாற்றமில்லை. இரண்டு முறை பீளை பச்சையாக வந்தபோது ஒரு மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கினேன். நான்கு நாளில் தெளிந்தது. நிறுத்திய வாரமே திரும்ப வந்துவிட்டது.

மதுரைக்குப் போனால் கண்ணில் ஊசி விடுவார்கள் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். இவனுக்கோ மலைப்பாதை வளைவில் வாந்தி நிற்காது. பார்வை கெட்டுவிடுமோ என்பதுதான் இரவெல்லாம் என் நினைப்பு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர்க்காரி எழுதியது:

பயப்படாதீர்கள் அக்கா. என் மூத்தவளுக்கும் இப்படித்தான் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் கண் சுத்தமாக இருந்தது. நாங்கள் எதுவுமே செய்யவில்லை. தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுங்கள்.

பெருமாள்மலை செவிலி எழுதியது:

கூடலூர்த் தங்கை சொன்னதில் பாதி சரி. பிறந்த குழந்தைகளில் 100க்கு 5 முதல் 20 பேருக்கு இந்தக் கண்ணீர் வழிதல் இருக்கிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் அடைப்புத் தானே திறந்துகொள்ளும். ஆனால் "விட்டுவிடுங்கள்" என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அப்படி விட்டுவிட்டுத் தாமதமாக வந்த குழந்தைகளின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

மகளே, முதலில் நான் கேட்பதற்கு இன்றே பதில் எழுது. வெளிச்சத்தில் அவன் கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா? இடது கருவிழி வலதைவிடப் பெரிதாகவோ, நீலம் பூத்துப் புகை படிந்தது போலவோ தெரிகிறதா? இவற்றை ஏன் கேட்கிறேன் என்றால், கண்ணில் அழுத்தம் கூடும் நோய் பச்சிளம் குழந்தைக்கும் வரும். அதிலும் முதலில் கண்ணீர்தான் வழியும். "பிள்ளைக்கு என்ன பெரிய கண், எவ்வளவு அழகு!" என்று ஊரே கொஞ்சிக்கொண்டிருக்கும், உள்ளே பார்வை நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வெறும் குழாய் அடைப்பு என்றால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், குழந்தை வெளிச்சத்துக்கு அஞ்சாது.

அடுத்தது, கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, சிவந்த வீக்கம் உண்டா? தொட்டால் சுடுகிறதா? காய்ச்சல் வந்ததா? இருந்தால் கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த இடத்தை அழுத்தவே கூடாது.

இன்னும் ஒன்று. அவன் அழும்போது மூக்கைக் கவனி. வலது துளையில் நீர் வந்து இடது துளை காய்ந்திருக்கிறதா?

அந்தச் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் எழுத்துக்கூட்டி எனக்கு எழுது. கடைசியாக, நீ எந்த இடத்தில் தடவுகிறாய் என்று அப்படியே சொல்.

பூம்பாறை மருமகள் எழுதியது:

அம்மா, உங்கள் பதிலைப் படித்ததும் அவனை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளிச்சத்தை நேராகப் பார்க்கிறான். கருவிழி இரண்டும் ஒரே அளவுதான். வீக்கமோ காய்ச்சலோ இல்லை. சாயங்காலம் பசியில் அழுதபோது மூக்கைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே வலது பக்கம் ஒழுகியது, இடது பக்கம் துளிகூட இல்லை. எட்டு மாதமாக மூக்கைத் துடைத்துவிடுகிறேன், இதை ஒரு நாளும் கவனிக்கவில்லை.

மருந்தில் இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டாவது டெக்ஸாமெத்தசோன்.

நான் தடவுவது மூக்குத் தண்டில். புருவத்துக்கு நடுவில் ஆரம்பித்து மூக்கு நுனி வரை, தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக உருவுவேன்.

பெருமாள்மலை செவிலி எழுதியது:

டெக்ஸாமெத்தசோன் என்பது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் குழந்தையின் கண்ணில் அது விழவே கூடாது. தொடர்ந்து போட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையும் வரவழைக்கும். இனிமேல் அதைத் தொடாதே. சிவப்பும் பீளையும் சட்டென்று குறைந்ததும் உனக்குக் குணமாகிவிட்டது போலத் தோன்றியிருக்கும். கிருமியைக் கொல்லும் சொட்டு மருந்தும் பீளையைத்தான் தெளியவைக்கும், அடைப்பைத் திறக்காது. அதனால்தான் நிறுத்திய வாரமே திரும்ப வந்தது.

இப்போது மசாஜ். மகளே, ஐந்து மாதமாக நீ தடவியது எலும்பை. அங்கே குழாயே இல்லை. இதில் உன் தவறு ஏதுமில்லை. தாயின் விரலைப் பிடித்து இடத்தில் வைத்துக் காட்ட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் உனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் காட்டுப் பாசனத்தை நினைத்துக்கொள். இமைகளின் உள்மூலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசித்துளை அளவில் இரண்டு வாய் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியாக இரண்டு சிறு வாய்க்காலில் ஓடி, மூக்கின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணீர்ப் பை என்னும் குட்டையில் சேரும். அந்தக் குட்டையிலிருந்து ஒரு குழாய் இறங்கி மூக்குக்குள் திறக்கும். நாம் அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். உன் மகனுக்கு அந்தக் குழாயின் அடி வாயில், பிறப்பதற்குள் திறந்திருக்க வேண்டிய மெல்லிய சவ்வு ஒன்று இன்னும் மூடிக்கிடக்கிறது. மடை அடைத்த வாய்க்காலில் நீர் தேங்கினால் பாசி பிடிக்கும் அல்லவா? பீளை அதுதான்.

ஆகவே குட்டையை அழுத்தி, உள்ளே இருக்கும் நீரைக் கொண்டே மடையைத் திறக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் வை. சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும். முதலில் எலும்பை நோக்கி உள்பக்கமாக அழுத்து. மேல் வாய்க்கால்கள் அடைபட்டு, நீர் கண்ணுக்குத் திரும்பாமல் இருக்க அதுதான் வழி. அந்த அழுத்தத்தை விடாமலே மூக்கின் பக்கமாகக் கீழே இறக்கு. உன் நகம் லேசாக வெளுக்கும் அளவு அழுத்தம் இருக்கட்டும். வலித்து அழ வேண்டியதில்லை, பிடித்துவைப்பதற்காகச் சிணுங்குவான். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பால் குடிக்கும்போது செய்தால் சுலபம். அப்படியும் அழுத்தும்போது கொஞ்சம் பீளை கண்ணுக்குள் ஏறி வந்தால், சரியான இடத்தைப் பிடித்துவிட்டாய் என்று தெரிந்துகொள். உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடை. ஒரு முறை துடைத்த பஞ்சு மறு கண்ணுக்கு ஆகாது.

இந்த முறையை 1923இல் கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். நூறு வருடம் கழிந்தும் இதைவிட எளிய வழி வரவில்லை.

தாய்ப்பாலைக் குழந்தையின் வயிற்றுக்குக் கொடு, கண்ணுக்கு வேண்டாம். அது சவ்வைத் திறக்காது. விளக்கெண்ணெயும் கண் மையும் கூடாது. பாட்டியிடம் கோபப்படாமல், "ஒரு செவிலியம்மா வேண்டாம் என்றார்" என்று என் பெயரில் பழியைப் போட்டுவிடு. விறகடுப்புப் புகையிலும் சாம்பிராணிப் புகையிலும் அவனைக் காட்டாதே. கன்னத்தில் இரவில் வாஸ்லின் தடவு, வெடிப்பு ஆறும்.

இவ்வளவு எழுதினாலும், மதுரைக்கு ஒரு முறை போய்விட்டு வா. அறுவைக்காக இல்லை, ஸ்டீராய்டு போட்ட கண் என்பதால் அழுத்தம் பார்க்க வேண்டும், அடைப்புத்தானா என்பதும் உறுதியாக வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. எங்கே போனாலும் ஒன்று கேள்: "என் விரலை வைத்துக் காட்டுங்கள்."

குன்னூர்த் தகப்பன் எழுதியது:

தங்கச்சி, ஊசி என்று பயமுறுத்துகிறார்களே, அதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். என் மகளுக்கு இரண்டு கண்ணிலும் அடைப்பு. மசாஜ் செய்தும் திறக்கவில்லை. பதினான்காம் மாதத்தில் கோயம்புத்தூரில் குழாயைத் திறந்தார்கள்.

அது ஊசியே இல்லை. முனை மழுங்கிய மெல்லிய கம்பி. கண் விழியைத் தொடுவதில்லை. அம்மா சொன்ன அந்த ஊசித்துளை வாய் வழியாக விட்டு, குழாயின் அடியில் இருக்கும் சவ்வைத் திறக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழந்தை அசையக் கூடாது என்பதால் முழு மயக்கம் கொடுத்தார்கள். எங்களுக்குப் பயமெல்லாம் அதில்தான் இருந்தது. மயக்கத்துக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்றார்கள். பசியில் கதறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்த அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இரண்டு வருடம் போல இருந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சளி இருந்தால் மயக்கம் கொடுக்க மாட்டார்கள். குன்னூர்க் குளிரில் சளி இல்லாத குழந்தை எங்கே இருக்கிறது? இரண்டு முறை பர்லியாறு வழியாக இறங்கிப் போய், நெஞ்சில் சளி என்று திரும்ப ஏறி வந்தோம். மூன்றாம் முறை ஐந்து நாள் முன்னதாகவே மேட்டுப்பாளையத்தில் என் அக்கா வீட்டில் தங்கிவிட்டோம். சூட்டில் சளி விட்டது.

அன்று சாயங்காலம் மூக்கில் லேசாக ரத்தம் கலந்த நீர் வந்தது, மறுநாள் நின்றுவிட்டது. வலது கண் அந்த வாரமே காய்ந்தது. இடது கண்ணுக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது மூன்று வயது, இரண்டும் சரியாக இருக்கின்றன.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம், அம்மா. சில நாடுகளில் ஆறாம் மாதத்திலேயே, மயக்கம் இல்லாமல், மருத்துவர் அறையிலேயே செய்துவிடுகிறார்களாமே? அப்படியானால் நாங்கள் காத்திருந்ததே வீணா?

பெருமாள்மலை செவிலி எழுதியது:

வீண் இல்லை, தம்பி. அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சிறு குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு செய்வார்கள். ஆனால் அதில் தானாகத் திறந்திருக்கக்கூடிய பல கண்களிலும் கம்பி போய்விடும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 6 முதல் 10 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மசாஜும், தேவைப்படும்போது சொட்டு மருந்தும் மட்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அறுவையில்லாமலே சரியானது. பூம்பாறைப் பையனுக்கு எட்டு மாதம். அந்தக் கணக்கு அவனுக்காகவே போட்டது போல இருக்கிறது. ஒரு வயது தாண்டியும் திறக்காவிட்டால் நீங்கள் செய்ததுதான் சரி. முதல் முறையிலேயே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அப்படியும் அடைத்தால் குழாய்க்குள் மெல்லிய சிலிகான் இழையைச் சில மாதம் வைத்து எடுப்பார்கள்.

சளியைப் பற்றி நீங்கள் எழுதியதை மலையில் இருக்கும் எல்லாத் தாய்மாரும் படிக்க வேண்டும்.

பூம்பாறை மருமகள் எழுதியது:

அம்மா, அண்ணா, மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னியுங்கள், இங்கே மழையில் சிக்னல் ஒழுங்காக இல்லை, அதன் பிறகு பூண்டு வேலை.

உங்கள் பேச்சைக் கேட்டு அடுத்த வாரமே மதுரைக்குப் போனோம். வத்தலக்குண்டு சேர்வதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தான். அங்கே கண் அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டதும் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். பிறகு இரண்டு கண்ணிலும் மஞ்சள் சாயம் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்து நீல விளக்கில் காட்டினார்கள். வலது கண்ணில் சாயம் வடிந்துபோயிருந்தது. இடது கண்ணில் அப்படியே தேங்கிப் பளபளவென்று நின்றது. இத்தனை மாதம் நான் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் சொன்னபடி "என் விரலை வைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டேன். அங்கிருந்த செவிலியர் என் விரலைப் பள்ளத்தில் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். அவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணின் மூலையில் பீளை குபுக்கென்று வந்தது. வீட்டுக்கு வந்து என் மாமியாரின் விரலைப் பிடித்து அதே போல வைத்துக் காட்டினேன். நான் காட்டுக்குப் போகும் நாளில் மதியத் தடவையை அவர்தான் செய்கிறார். என்னைவிடக் கணக்காகப் பத்து எண்ணுகிறார். பாட்டியும் விளக்கெண்ணெயை நிறுத்திவிட்டார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் பீளை குறைந்தது, நீர் குறையவில்லை. போன வாரம் உறைபனி கொட்டிய ஒரு காலையில் எழுந்து பஞ்சைத் தேடினால், அவன் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு படுத்திருக்கிறான். நான் நம்பவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தவழ்ந்து போய் வாசற்படியில் முட்டிக்கொண்டு அழுதான். ஓடிப் போய்த் தூக்கினேன். இடது மூக்கில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் அழுதுகொண்டிருக்கிறான், நான் மாமியாரைக் கூப்பிட்டு அவன் மூக்கைக் காட்டுகிறேன்.

திறக்காவிட்டால் செய்வதற்கென்று பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதை இன்னும் ரத்து செய்யவில்லை. மஞ்சள் சாயத்தை ஒரு முறை திரும்ப விட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். அம்மா, அதுவரை அழுத்துவதைத் தொடரட்டுமா, நிறுத்தட்டுமா?

பெருமாள்மலை செவிலி எழுதியது:

காலையும் மாலையும் இன்னும் இரண்டு வாரம் செய், பிறகு நிறுத்திக்கொள். சளி பிடித்தால் கண் மறுபடி கொஞ்சம் கலங்கும். பதற வேண்டாம், சளியோடு போய்விடும். அந்தத் தேதியில் கண்டிப்பாகப் போ. கண்மலர் சாற்றப் போகும்போது பூம்பாறை பஸ்ஸில் நானும் ஏறி வருகிறேன், எந்த நாள் என்று மட்டும் எழுது.